அன்னிக்கு ராத்திரி நிலா இருந்துச்சா?

எங்க பெரியப்பா மிலிட்டரிக்காரர். எங்க வேலூர்ப் பக்கம் இதுல ஒண்ணும் அதிசயம் இல்லீங்க. கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரையே 'ராணுவப்பேட்டை'ன்னுதான் கூப்பிடுவாங்க. எங்க ஊரு அந்த அளவுக்கு இல்லன்னாலும் தெருவுக்கு ரெண்டு எக்ஸ்-சர்வீஸ்மேன் கட்டாயம் இருப்பாங்க. சாயந்திரமானா திண்ணையில நாலு பேர் உக்காந்து பாதி தமிழ், பாதி இந்தியில சிரிச்சிக்கிட்டிருந்தா அது அவங்கதான்.

பெரியப்பா இருந்தது 'மெட்ராஸ் சாப்பர்ஸ்'. 1780-ல 'மெட்ராஸ் பயனியர்ஸ்'னு ஆரம்பிச்ச படை. தலைமையிடம் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி புதைக்கிறது, எதிரி புதைச்ச கண்ணிவெடியை எடுக்கிறது எல்லாம் இவங்க வேலை. ராணுவத்துல இவங்களுக்குச் செல்லப் பேரு 'தம்பி'. எழுபத்தஞ்சு வயசு தாண்டியும் பெரியப்பா "நாங்கல்லாம் தம்பிங்க"ன்னு சொல்லும்போது ஒரு பெருமை தெரியும் பாருங்க, அதை எழுத்துல கொண்டு வர எனக்குத் தெரியல.

அவர்கிட்ட ஒரு பத்துப் பன்னெண்டு கதை உண்டு. எல்லாமே காமெடி. லங்கர்ல (அதாங்க, ராணுவ சமையலறை) சாம்பார் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட கதை, இந்தி தெரியாம ஹவில்தாரையே 'தூ'ன்னு ஒருமையில கூப்பிட்ட கதை, லீவுல வரும்போது காட்பாடியில இறங்காம தூங்கி மெட்ராஸ் வரைக்கும் போன கதை. கல்யாணம், காதுகுத்துன்னு எங்க கூடினாலும் இதெல்லாம் ஓடும். நாங்களும் முதல் தடவை கேக்குற மாதிரியே சிரிப்போம். அவர் 1971 போருல இருந்தவர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா போரைப் பத்தி ஒரு கதை கூட அந்தப் பத்துப் பன்னெண்டுல இல்லைங்கிறது எனக்கு நாப்பது வயசு ஆகுற வரைக்கும் உறைக்கவே இல்ல.

உறைச்சது ஒரு சாவு வீட்டுல. பக்கத்துத் தெரு தாத்தா ஒருத்தர், அவரும் ராணுவம்தான், தவறிட்டார். பத்தாம் நாள் காரியம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும், அவரோட கறுப்பு ட்ரங்கு பெட்டி காயலான் கடை வண்டியில போகுது. மூடியில வெள்ளை பெயின்ட்டுல நம்பர், ரேங்க், பேரு எழுதி இருக்கு. வண்டிக்காரரை நிறுத்தி "உள்ள இருந்த காகிதமெல்லாம்?"னு கேட்டேன். "அதெல்லாம் வீட்டுலயே கொளுத்திட்டாங்க சார், பொட்டி மட்டும்தான்"னார். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. எங்க வீடா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்போம்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடினேன். இந்த வேலைக்கு 'வாய்மொழி வரலாறு'ன்னு பேரு. லண்டன்ல இம்பீரியல் வார் மியூசியம் 1972-லேயே போர் பார்த்தவங்க குரலைப் பதிவு பண்ணிச் சேர்க்க ஆரம்பிச்சுட்டாங்க. அமெரிக்காவுல 2000-ல இதுக்குன்னே சட்டம் போட்டு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல 'வெட்டரன்ஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்'னு தொடங்கினாங்க. இன்னிக்கு அங்க ஒரு லட்சத்துக்கும் மேல தனித்தனி ஆட்களோட தொகுப்பு இருக்கு. எனக்குப் பிடிச்சது என்னன்னா, அதுக்குப் பேட்டி எடுக்கப் பேராசிரியரா இருக்கணும்னு அவசியமில்ல. பேரன் எடுக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளைங்க எடுக்கலாம். குறைஞ்சது முப்பது நிமிஷம் இருக்கணும், வெட்டி ஒட்டாம முழுசா இருக்கணும். அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல? 1971 போருக்கு அரசாங்கம் ஒரு அதிகாரபூர்வ வரலாறு எழுதி 1992-லயே முடிச்சது. ஆனா வெளியிடல. 2000-ல ஒரு பத்திரிகை மூலமா இணையத்துல கசிஞ்சுதான் ஜனங்க படிச்சாங்க. 2021 ஜூன்ல பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளைத் தொகுக்கவும் பழைய ஆவணங்களை வெளியிடவும் ஒரு கொள்கை அறிவிச்சது. நல்ல விஷயம்தான். ஆனா அதெல்லாம் படைப்பிரிவு எழுதி வெச்ச டயரி, உத்தரவு, அறிக்கை. லங்கர்ல சாம்பார் கேட்ட ஆளு அதுல வரமாட்டார். அவரை நாமதான் உக்கார வெச்சுக் கேக்கணும்.

சரின்னு ஒரு குட்டி ரெக்கார்டர் வாங்கிட்டேன். (போன்லயே பண்ணலாம். ஆனா போன்னா நடுவுல யாராவது கூப்பிடுவாங்க, லோன் வேணுமான்னு.)

முதல் நாள்

2023 மே மாசம். அக்னி நட்சத்திர வெயில்ல போய் உக்காந்தேன். முதல் பாடம்: ஃபேன் ஓடினா குரல் ஒண்ணும் விழாது. ஃபேனை நிறுத்தினா நாங்க ரெண்டு பேரும் விழுந்துடுவோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, போட்டு, நிறுத்தி, போட்டு... அதுக்கு நடுவுல பெரியம்மா குக்கர் விசில். என்னோட முதல் ஃபைல்ல பெரியப்பாவை விட குக்கர் நல்லா தெளிவா பேசுது :)

"உங்க பேரு சொல்லுங்க பெரியப்பா"ன்னேன். அதுவரைக்கும் சாஞ்சு உக்காந்திருந்தவர் முதுகை நிமித்தினார். முதல்ல நம்பர், அப்புறம் ரேங்க், அப்புறம்தான் பேரு. ஆதார் நம்பர் கேட்டா பெரியம்மாவைத்தான் பார்ப்பார். ஆனா இந்த நம்பர் ஐம்பது வருஷம் கழிச்சும் ஒரு எண் தடுமாறல.

அடுத்து நான் கேட்டதுதான் உலகத்துலயே மோசமான கேள்வி. "போர் எப்படி இருந்துச்சு பெரியப்பா?"

"நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் அமைதி. குக்கர் விசில்.

அப்புறம் கத்துக்கிட்டேன். பெரிய கேள்வி கேட்டா சின்ன பதில் வரும். சின்ன கேள்வி கேட்டாதான் பெரிய பதில் வரும். "அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?", "கால்ல என்ன போட்டிருந்தீங்க?", "குளிருக்கு என்ன குடுத்தாங்க?", "உங்களுக்கு வலது பக்கம் யாரு இருந்தா?" இப்படிக் கேட்டதும் மனுஷன் வேற ஆளாயிட்டார்.

அவர் போனது மேற்குப் பக்கம், ஷகர்கட் பகுதி. ராவிக்கும் செனாபுக்கும் நடுவுல இருக்கிற இடம். கரும்புத் தோட்டம், சர்கண்டான்னு ஆள் உயரத்துக்கு ஒரு புல்லு, குறுக்க பேய்ன், பசந்தர்னு சின்னச் சின்ன ஆறு. அந்த ஆத்தோரமெல்லாம் பாகிஸ்தான் ராணுவம் கண்ணிவெடி புதைச்சு வெச்சிருந்தது. டாங்கி போகணும்னா முதல்ல அதுல பாதை போடணும். பாதை போடுறது யாரு? தம்பிங்க.

"எப்படி பெரியப்பா எடுப்பீங்க?"

"எல்லா எடத்துலயும் மிசினு வராதுடா. குப்புறப் படுத்துக்கணும். கையில ஒரு கம்பி. நேரா குத்தக் கூடாது, சாச்சுக் குத்தணும். நேரா குத்துனா வெடி தலையில படும், அதோட முடிஞ்சுது. சாச்சுக் குத்துனா பக்கத்துல தட்டும். தட்டுச்சுன்னா கையால மண்ணைத் தள்ளணும். கொழந்தைக்கு மூஞ்சி தொடைக்கிற மாதிரி. அப்புறம் ஒரு சாண் முன்னாடி. அப்புறம் ஒரு சாண். பின்னாடி ஒருத்தன் வெள்ளை நாடா கட்டிகினே வருவான்."

சொல்லும்போதே அவர் வலது கை தானா சாஞ்சு மேசை மேல குத்திக்கிட்டே போச்சு. ரெக்கார்டர்ல 'டொக்... டொக்...'னு அந்தச் சத்தம் இருக்கு. எழுதி வெச்ச எந்த அறிக்கையிலயும் அந்தச் சத்தம் இருக்காது.

"இது எந்த ஊரு, எந்த எடம்?"

"எங்களுக்கு எவன்டா சொன்னான் எந்த எடம்னு? முன்னாடி போறவன் முதுகுதான் எங்களுக்கு மேப்பு."

பசந்தர் சண்டையைப் பத்திப் புத்தகங்கள்ல படிச்சிருப்பீங்க. டிசம்பர் 15 ராத்திரி ஆத்தைத் தாண்டிட்டாங்க, கண்ணிவெடியில சாப்பர்ஸ் பாதி தூரம்தான் பாதை போட்டிருந்தாங்க, அதுக்குள்ள எதிரி டாங்கி வருதுன்னு தகவல், மிச்சத்துல அப்படியே பூனா ஹார்ஸ் டாங்கிகள் இறங்கிடுச்சு. மறுநாள் சண்டையிலதான் 21 வயசு அருண் கேத்தர்பால் செத்தார். பரம்வீர் சக்ரா குடுத்தாங்க. அந்தக் கதையில 'பாதி தூரம்தான் பாதை போட்டிருந்தாங்க'ங்கிறது ஒரே ஒரு வரி. பெரியப்பா மாதிரி ஆட்களோட வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள்ள இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு, நான் கேக்காமலே, ஒரு சிநேகிதனைப் பத்திச் சொன்னார். பக்கத்து ஊர்ப் பையன். ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆள் எடுப்புக்குப் போய், ஒரே ரயில்ல பெங்களூர் போனவங்க. போர் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி, நாடா தாண்டி ஒரு அடி பக்கத்துல கால் வெச்சுட்டான்.

"நான் போய்ப் பாத்தேன். நல்ல நெலா வெளிச்சம். மூஞ்சியில ஒரு கீறல் இல்ல. தூங்குற மாதிரியே இருந்தான்."

அதுக்கு மேல பேசல. நானும் கேக்கல. ரெக்கார்டரை நிறுத்திட்டு மோர் குடிச்சோம்.

என் புத்திசாலித்தனம்

இதோட விட்டிருக்கணும். விடலையே.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் எழுத்துல எடுத்தேன். (ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு. தமிழ், இந்தி, ராணுவ இங்கிலீஷ் மூணும் கலந்து வரும்போது எந்த மென்பொருளும் கை குடுக்காது.) தேதியெல்லாம் சரிபார்க்கலாம்னு உக்காந்தேன். ரொம்ப 'சயின்டிஃபிக்'கா பண்றதா நினைப்பு. 1971 டிசம்பர் பௌர்ணமி எப்போன்னு பார்த்தேன். டிசம்பர் 2, கார்த்திகை பௌர்ணமி. அமாவாசை டிசம்பர் 17.

போர் மேற்கே முடிஞ்சது 17-ந்தேதி ராத்திரி எட்டு மணிக்கு. ரெண்டு நாள் முன்னாடின்னா 15. அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி. அன்னிக்கு விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கீத்து நிலா வந்திருக்கலாம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க கும்மிருட்டு.

அடுத்த ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து, ரெக்கார்டரை ஆன் பண்ணி, பெருசா கண்டுபிடிச்ச மாதிரி சொன்னேன். "பெரியப்பா, நீங்க நல்ல நிலா வெளிச்சம்னு சொன்னீங்க இல்ல? அன்னிக்கு நிலாவே இல்ல பெரியப்பா. நான் பஞ்சாங்கம் பார்த்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோவமெல்லாம் இல்ல. கோவப்பட்டிருந்தா கூட பரவாயில்ல. செக்போஸ்ட்டுல நிக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"அப்படியா"ன்னார். "வயசாயிடுச்சுடா. இன்னா ஞாபகம் இருக்கப் போவுது."

அந்த ஃபைல் நாலு நிமிஷம் பதினோரு செகண்டு. அதுக்கப்புறம் லங்கர் சாம்பார் கதையைச் சொன்னார், நான் சிரிச்சேன், கிளம்பி வந்துட்டேன். அப்புறம் ஆறு மாசம் எப்போ கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்டா", "கண்ணு ஆபரேசன் முடியட்டும்", "வெயில் கொறையட்டும்". அம்பது வருஷம் பேசாத மனுஷன் ஒரு தடவை வாயைத் திறந்தார். அதை நானே மூடிட்டேன்.

அந்த ஆறு மாசத்துல குத்த உணர்ச்சியோட இந்தத் துறையைப் பத்தி நிறைய படிச்சேன். அதுல இத்தாலிக்காரர் ஒருத்தர், அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி. தெர்னின்னு ஒரு இரும்பாலை ஊரு. லூயிஜி த்ரஸ்துல்லின்னு 21 வயசுத் தொழிலாளி, 1949 மார்ச் 17-ந்தேதி, நேட்டோவுக்கு எதிரா நடந்த போராட்டத்துல போலீசால செத்துப் போறான். இது ஆவணத்துல தெளிவா இருக்கு. ஆனா வருஷங்கள் கழிச்சு போர்தெல்லி போய்க் கேட்டா, ஊருல பல பேர் அவன் 1953-ல செத்தான்னு சொல்றாங்க. அந்த வருஷம் ஆலையில பெரிய ஆள்குறைப்பு, தெருவுல சண்டை.

நானா இருந்தா 'தப்பு'ன்னு எழுதி அடிச்சிருப்பேன். போர்தெல்லி என்ன பண்ணார்னா, இத்தனை பேர் ஒரே மாதிரி ஏன் தப்பா ஞாபகம் வெச்சிருக்காங்கன்னு கேட்டார். ஆலையில வேலை போனதுதான் அந்த ஊருக்குப் பெரிய அடி. தங்கள்ல ஒருத்தன் செத்ததை அந்தப் பெரிய அடியோட சேர்த்தாத்தான் அவங்களுக்கு அர்த்தமாகுது. அதனால தேதி நகர்ந்துடுச்சு. தேதி தப்புங்கிறதையும் சொல்லணும், அது ஏன் தப்பாச்சுங்கிறதையும் கேக்கணும், ரெண்டும் வரலாறுதான்னு சொல்றார்.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. நான் பெரியப்பாகிட்ட கேட்டிருக்க வேண்டியது "நிலா இல்லையே"ன்னு இல்ல. "அந்த வெளிச்சத்துல வேற என்ன தெரிஞ்சுது பெரியப்பா?"ன்னுதான்.

அமாவாசை

டிசம்பர் 12, ராத்திரி பத்து மணி இருக்கும். பெரியப்பா போன். அந்த நேரத்துல போன்னா யாருக்கும் பகீர்னு இருக்கும்.

"டேய், வெளிய வந்து மேல பாரு."

மொட்டை மாடிக்குப் போனேன்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல பெரியப்பா."

"கார்த்திகை அமாவாசைடா இன்னிக்கு. நானும் மாடியிலதான் நிக்கறேன். எங்க தெருவுல கரன்ட்டு வேற இல்ல. என் கையே எனக்குத் தெரியல." கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "நீ சொன்னது சரிதான். ஞாயித்துக்கிழமை மிசினை எடுத்துகினு வா."

போனேன். இந்தத் தடவை ஃபேன் பிரச்சினை இல்ல, குளிர். பெரியம்மா அடுப்பை அணைச்சுட்டு சமையக்கட்டு வாசப்படியில உக்காந்துட்டாங்க. வரச் சொல்லல, போகவும் சொல்லல.

நான் ஒரு கேள்வியும் கேக்கல. அவரே சொன்னார். முடிஞ்ச வரைக்கும் அவர் வார்த்தையிலயே எழுதறேன்.

"அது ரெண்டு ராத்திரிடா. ஒண்ணு இல்ல. மொத ராத்திரி, பார்டர் தாண்டறதுக்கு முன்னாடி. தீபம் முடிஞ்சு மூணு நாளோ நாலு நாளோ. ஒம்போது மணி வாக்குல நெலா ஏறிச்சு. உத்தரவு வர வரைக்கும் கரும்புத் தோட்டத்துல உக்காந்திருந்தோம். அவன் என் தோள் மேல சாஞ்சு தூங்கிட்டான். அவன் மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன். ஏன்னு தெரியல. 'நாளைக்கு எவன் இருப்பான் எவன் போவான்'னு இருந்துச்சு போல.

"அவன் போனது கடைசியில. அன்னிக்கு இருட்டு. நீ சொன்ன மாதிரி கும்மிருட்டு. சத்தம் கேட்டுச்சு. அவன் கொரலு கேட்டுச்சு. என் பேரைத்தான் கூப்பிட்டான். நான் படுத்துகினு இருந்த எடத்துலேர்ந்து பத்துப் பதினஞ்சு அடி. நடுவுல இன்னும் எடுக்காத எடம். போக முடியாது. போகக் கூடாதுன்னு உத்தரவு. கம்பியைக் குத்திகினே போனேன். ஒரு சாண், ஒரு சாண். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கொரலு நின்னுடுச்சு. தூக்கினு போறவங்க வந்து தூக்கினு போய்ட்டாங்க. நான் மூஞ்சியைப் பாக்கவே இல்ல."

'டொக்... டொக்...' இந்தத் தடவை அந்தச் சத்தம் இல்ல. கை ரெண்டையும் தொடைக்குக் கீழ வெச்சிருந்தார்.

"ஏப்ரல்ல லீவு குடுத்தாங்க. எங்க வீட்டுக்குக் கூட போகல, நேரா அவன் வீட்டுக்குத்தான் போனேன். அவங்களுக்குத் தந்தியும் பெட்டியும்தான் வந்துச்சு. அவனை அங்கியே எரிச்சுட்டாங்க இல்ல. அவங்கம்மா என் கையைப் புடிச்சிகினு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. 'எம்புள்ள மொகத்தைப் பாத்தியாப்பா?'

"நான் இன்னா சொல்லுவேன்? 'பாத்தேம்மா. நல்ல நெலா வெளிச்சம். ஒரு கீறல் இல்ல. தூங்குற மாதிரியே இருந்தான்'னு சொன்னேன். அந்தம்மா இருந்த வரைக்கும் ஒவ்வொரு லீவுக்கும் போவேன். ஒவ்வொரு தபாவும் அதையே கேக்கும். நானும் அதையே சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் தெரிய ஆரம்பிச்சுடுச்சுடா. நீ பஞ்சாங்கம் பாத்துட்டு வந்து சொல்ற வரைக்கும் அதுதான் நெசம்னு இருந்தேன்."

வாசப்படியில பெரியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நாப்பத்தொம்போது வருஷம் குடும்பம் நடத்தினவங்க. அந்தம்மா வீட்டுக்கு இவர்கூட எத்தனையோ தடவை போயிருக்காங்களாம். ஊறுகாய், முறுக்கெல்லாம் கொண்டு போயிருக்காங்க. இந்த விஷயம் அவங்களுக்கும் அன்னிக்குத்தான் தெரியும்.

நான் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ முதல்ல நீங்க பேசின பதிவை அழிச்சிடவா பெரியப்பா?"

"ஏன் அழிக்கணும்? அதுவும் நான் சொன்னதுதானே. ரெண்டையும் வெச்சிரு." அப்புறம் யோசிச்சு, "அவன் பேரு வேணாம், ஊரு வேணாம். அவங்கம்மா போயி முப்பது வருசம் ஆச்சு. மத்தத யாராச்சும் கேட்டா சொல்லு. நான் பொய் சொன்னேன்னும் சொல்லு"ன்னார்.

அதனாலதான் இதுல பேரும் ஊரும் இல்ல. பெரியப்பா பேரும் போடல.

பொய்யாங்க அது? தூங்கும்போது அவர் பார்த்த முகம் நிஜம், நிலா நிஜம். தேதி மட்டும் பத்து நாள் நகர்ந்திருக்கு. அதை ஒரு அம்மாவுக்காக நகர்த்தியிருக்கார். அதே சமயம், நான் முதல் ஃபைலோட நிறுத்தி 'நிலா வெளிச்சத்துல வீரன்'னு உருகி உருகி எழுதியிருந்தா, இருட்டுல ஒரு சாண் ஒரு சாணா ஊர்ந்து போன இருபத்திரண்டு வயசுப் பையனை நான் தொலைச்சிருப்பேன். பஞ்சாங்கம் பார்த்தது தப்பில்லன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அதை ஒரு கேள்வியா கொண்டு போகாம, தீர்ப்பா கொண்டு போனேன் பாருங்க, அதுதான் தப்பு. அவரே திரும்பிக் கூப்பிட்டது என் அதிர்ஷ்டம். எல்லாரும் கூப்பிட மாட்டாங்க. பல பேருக்கு அந்த ஆறு மாசமே இருக்காது.

உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருந்தா

நான் அடிபட்டுக் கத்துக்கிட்டதை மட்டும் சொல்லிடறேன்.

ரெக்கார்டருக்குக் காசு செலவு பண்ணணும்னு இல்ல. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டா போதும். ஒரு கைக்குட்டையை மடிச்சு அது மேல வைங்க, மேசையில வர அதிர்வு கம்மியாகும். முதல்ல ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக் கேட்டுப் பாருங்க.

ஆரம்பத்துல தேதி, இடம், யார் பேசறாங்க, யார் கேக்கறாங்கன்னு உங்க குரல்ல சொல்லிடுங்க. இருபது வருஷம் கழிச்சு 'ரெக்கார்டிங் 0017'ன்னு ஒரு ஃபைலைப் பார்த்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது.

ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்க. யார் கேக்கலாம், எதை வெளியிடலாம், எதைக் கூடாது. நம்ம பெரியப்பாதானேன்னு விட்டுடாதீங்க. நம்ம பெரியப்பாங்கிறதாலதான் வாங்கணும்.

அமைதியை நிரப்பாதீங்க. அவர் பேசாம இருந்தா நீங்களும் பேசாம இருங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. நான் நூறு வரைக்கும் எண்ணியிருக்கேன்.

நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்துங்க. 'சும்மா ஓடட்டும்'னு ஓரத்துல விட்டு வைக்காதீங்க.

பதிவை வெட்டாம மூணு காப்பி வைங்க. ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்ல, ஒண்ணு தனி டிஸ்க்குல, ஒண்ணு வேற ஊருல இருக்கிற தங்கச்சி வீட்டுல. ட்ரங்கு பெட்டியில இருக்கிற காகிதத்தையும் படம் எடுத்துடுங்க. பெட்டியையும்தான்.

அப்புறம், சரிபாருங்க. கண்டிப்பா சரிபாருங்க. ஆனா கணக்கு இடிச்சா உடனே ஓடிப் போய்ச் சொல்லாதீங்க. ஒரு வாரம் வெச்சிருந்து, ஏன் இடிக்குதுன்னு யோசிங்க. அதுக்கு அப்புறம் போய், "இன்னொரு தடவை சொல்லுங்களேன்"னு மட்டும் கேளுங்க.

எங்க தெருவுல இன்னும் மூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் 1965-ஐப் பார்த்தவர், எண்பது தாண்டிட்டார். காது சுத்தமா கேக்காது. கேள்வியைப் பெரிய எழுத்துல அட்டையில எழுதிக் காட்டலாம்னு பெரியப்பாதான் ஐடியா குடுத்தார். இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். முதல் அட்டையில என்ன எழுதணும்னு கேட்டேன்.

"காலையில இன்னா துன்னீங்கன்னு எழுது"ன்னார்.